பட்டறையில் ரப்பர் கிடையாது

ஜனவரி 8

ஆமைக்கு,

போனில் கூப்பிட்டால் எடுப்பதில்லை. எடுத்தாலும் "சரிக்கா, சரிக்கா, அப்புறம் பேசறேன்க்கா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். பாதியில் நீ மூடி வைத்தாலும் எனக்குத் தெரியப்போவதில்லை, அதுவரைக்கும் எனக்கு நிம்மதி.

விஷயத்துக்கு வருகிறேன். பட்டறை இருக்கும் கட்டடத்தை இடிக்கப்போகிறார்கள். மார்ச் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். புது இடம் பார்த்தாயிற்று, இதில் பாதிகூட இல்லை. அங்கே மோட்டார்களை வைப்பேனா, கயிற்றுச் சுருள்களை வைப்பேனா, அலமாரியை வைப்பேனா? அலமாரி என்றால் கையேடுகள். எண்ணிப் பார்த்தேன், நூற்று முப்பது. பாதிக் கம்பெனிகள் மூடிவிட்டன, அவர்கள் செய்த லிஃப்ட்டுகள் மட்டும் இன்னும் ஏறி இறங்கிக்கொண்டிருக்கின்றன. இந்தப் புத்தகங்கள் போனால் அந்த லிஃப்ட்டுகளைத் திறந்து பார்க்க ஒருவருக்கும் வழியில்லை. மேல் தட்டில் பூச்சி வேறு அரிக்க ஆரம்பித்துவிட்டது.

அதனால் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து வைத்துவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். ஃபிட்டர்கள் இரண்டு பேரும் ஒரு வருஷமாக இதையே கேட்டு உயிரை வாங்குகிறார்கள். கைக்குள் போனில் வந்துவிட்டால் வசதிதானே. எந்த ஸ்கேனர் வாங்குவது என்பதுதான் கேள்வி. கடைக்காரர் ஒரு மணி நேரம் பேசினார், எனக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. நீ பத்து வருஷமாகக் காகிதங்களை ஸ்கேன் செய்யும் நிறுவனத்தில் வேலை செய்கிறாய். அக்காவுக்கு ஒன்று பார்த்துச் சொல்.

ஒன்றை மட்டும் மறக்காதே. நம் புத்தகத்தில் அச்சடித்திருப்பதைவிட ஓரத்தில் பென்சிலால் எழுதியதுதான் முக்கியம். லிஃப்ட்டில் வைத்துச் சரிபார்த்த அளவை ஓரத்தில் எழுதி, எழுதியவர் தன் குறியைப் போட வேண்டும் என்று நான்தானே சட்டம் போட்டேன். உன் அத்தானுக்கு ஆறு மூலை நட்டு, உனக்கு ஆமை, எனக்குக் கண். தப்பாக எழுதினால் அழிக்கக் கூடாது. குறுக்கே கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, மறுபடி குறியைப் போட வேண்டும். பட்டறையில் ரப்பர் கிடையாது என்று புதிதாக வருகிறவர்களிடம் இன்றைக்கும் முதல் நாளே சொல்லிவிடுகிறேன்.

வேலையை அத்தான்தான் செய்யப்போகிறார். கிடங்கில் சரக்கு லிஃப்ட் சரிந்து அந்தச் சுமை தூக்குபவரின் கால் ஒடிந்து, கையேட்டில் பக்கம் மாற்றிப் பார்த்துவிட்டார் என்று லைசென்ஸ் போனதிலிருந்து பதினோரு வருஷமாக அவர் ஒரு ஸ்பேனரைத் தொடவில்லை. கூட்டுகிறார், எண்ணெய் போடுகிறார், எல்லாருக்கும் டீ போடுகிறார். "பக்கம் மாத்திப் பாத்தவர் கையிலயே பக்கம் புரட்டற வேலையா?" என்று ஒரு ஃபிட்டர் கிண்டல் செய்தான். அவனைத் திட்டினேன். ஆனால் அதற்கு முன்னால் நானும் சிரித்துவிட்டேன். அத்தான் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

சீக்கிரம் எழுது.

அக்கா


ஜனவரி 17

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நலம். போன் எடுக்காததற்கு மன்னித்துக்கொள், வேலை அப்படி.

ஸ்கேனர் மூன்று வகை. கண்ணாடிமேல் கவிழ்த்து வைத்து எடுப்பது ஒன்று. நூற்று முப்பது புத்தகத்துக்கு அது ஆகாது, ஒரு வருஷம் ஆகும், முதுகும் உடைந்துவிடும். மேலேயிருந்து படம் எடுக்கும் வகை ஒன்று இருக்கிறது. அது உனக்குத் தேவையில்லை. மூன்றாவது, தாள்களை அடுக்கி வைத்தால் தானே இழுத்து இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் எடுத்துவிடும் வகை. நிமிஷத்துக்கு அறுபது பக்கம் போகும். அதையே வாங்கு.

அதற்குப் புத்தகத்தின் முதுகை வெட்ட வேண்டும். பைண்டிங் கடையில் கொடுத்தால் ஒரே வெட்டில் வெட்டிக் கொடுப்பார்கள். கறுப்பு வெள்ளையில் எடு, கோப்பு சின்னதாக இருக்கும், போனில் சட்டென்று திறக்கும். எடுத்து முடித்த தாள்களை வைத்துக்கொள்ளாதே. பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடு. இடமும் மிச்சம், பூச்சியும் போகும்.

பிரேக் புத்தகம், அந்தப் பச்சை அட்டை, அதிலிருந்து ஆரம்பித்தால் நல்லது. அதுதான் அதிகம் பிய்ந்திருக்கும்.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

தம்பி


ஜனவரி 26

ஆமைக்கு,

நீ பத்து வருஷமாக என்ன வேலை பார்க்கிறாய் என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

உன் பேச்சைக் கேட்டு ஜெராக்ஸ் கடையில் ஒரு பழைய மோட்டார் கையேட்டை வெட்டி, கறுப்பு வெள்ளையில் எடுத்துப் பார்த்தேன். அச்சு பளிச்சென்று இருக்கிறது. ஓரம் துடைத்து வைத்த தட்டு மாதிரி இருக்கிறது. பென்சில் ஒன்றுகூட வரவில்லை. உன் அத்தானின் நட்டு, என் கண், எல்லாம் போயே போய்விட்டது. கடைக்காரரே சொல்கிறார், "பென்சில் எழுத்து வேணும்னா கறுப்பு வெள்ளைல எடுக்கவே கூடாதும்மா, இது எல்லாருக்கும் தெரியுமே." எல்லாருக்கும் தெரிந்தது உனக்குத் தெரியாதா? முதல் கடிதத்திலேயே பென்சில்தான் முக்கியம் என்று தலையில் அடித்துக்கொண்டு எழுதியிருந்தேனே. படித்தாயா, இல்லை வழக்கம்போல் பாதியில் வைத்துவிட்டாயா?

மடித்து ஒட்டிய வயரிங் படங்கள் இருக்கின்றனவே, அவை உன் இழுக்கும் மெஷினில் எப்படிப் போகும்? சிக்கிக் கிழிந்தால் அது கடைசிப் பிரதி. வெட்டிய தாள்களை அத்தானிடம் காட்டினேன். அவர் தாள்களை வரிசையாக அடுக்கி, துணி நாடாவால் கட்டி, அலமாரியிலேயே வைத்துவிட்டார். பழைய பேப்பருக்குப் போடச் சொல்கிறான் உங்கள் மைத்துனன் என்றேன். "அவசரப்படாத" என்றார். அவ்வளவுதான். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் அவருக்கு.

இரண்டு தெரு தள்ளி ஒரு நில அளவையர் இருக்கிறார். பழைய வரைபடங்களுக்காக நீ தேவையில்லை என்று சொன்ன அந்த மேலேயிருந்து எடுக்கும் வகையை வைத்திருக்கிறார். வெட்ட வேண்டாம், விரித்து வைத்தால் போதும். இரண்டு பக்கமும் கை நீட்டினாற்போல் விளக்குகள். ஒரு மாதத்துக்குத் தருகிறேன், பிடித்திருந்தால் நீங்களும் இதையே வாங்குங்கள் என்கிறார். எனக்குப் பார்த்த உடனே பிடித்துவிட்டது. அது ஏன் தேவையில்லை என்று ஒரு வரி எழுதியிருக்கலாமே நீ.

கோபமாக எழுதுவதாக நினைக்காதே. நீ ஊரை விட்டுப் போனதிலிருந்து உன்னிடம் கேட்ட முதல் உதவி இது. கடனுக்குப் பதில் எழுதியிருக்கிறாய்.

அக்கா


பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சொன்னது சரி. கறுப்பு வெள்ளை வேண்டாம், சாம்பல் நிறத்தில் எடு. கவனிக்காமல் எழுதிவிட்டேன்.

மேலேயிருந்து எடுக்கும் வகையில் பக்கவாட்டு விளக்கு இருக்கிறதே, அது வழவழப்பான தாளில் பளபளக்கும். மேடு பள்ளம் எல்லாம் நிழல் விழும். படிக்கத் தொந்தரவு. எடுத்தே ஆக வேண்டுமென்றால் விளக்கை அணைத்துவிட்டு, கூரை விளக்கிலேயே எடு.

இன்னொன்று. பச்சை அட்டைப் புத்தகத்தை மட்டும் எனக்குப் பார்சலில் அனுப்பிவிடு. இங்கே பெரிய மெஷின் இருக்கிறது, நானே நல்லபடியாக எடுத்துத் தருகிறேன். மற்றதையெல்லாம் உன் இஷ்டம்போல் செய். அதை மட்டும் அனுப்பு. இந்த வாரமே அனுப்பினால் நல்லது.

தம்பி


பிப்ரவரி 12

ஆமைக்கு,

பச்சைப் புத்தகத்தை அனுப்ப முடியாது. அத்தான் தரமாட்டேன் என்கிறார். "அத நானே எடுத்துக்கறேன்" என்று அலமாரியின் அடித்தட்டில் வைத்திருக்கிறார். அவர் ஒன்றை வேண்டாம் என்று சொல்லியே எத்தனையோ வருஷமாகிறது, அதனால் நானும் வற்புறுத்தவில்லை. உனக்கு எதற்கு அந்தச் சிரமம் என்று விட்டுவிட்டேன்.

ஸ்கேனர் வந்துவிட்டது. பின் அறையில், முன்பு நீ உட்கார்ந்து பேரிங் கழுவுவாயே, அந்த மேஜைமேல் வைத்திருக்கிறோம். அத்தானைப் பார்க்க வேண்டும் நீ. காலையில் கை கழுவி, துடைத்து, கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு உட்காருகிறார். ஒரு பக்கம் விரிப்பார், உள்ளங்கையால் ஒரு தடவு தடவுவார், கால் பொத்தானை மிதிப்பார், அடுத்த பக்கம். ஒவ்வொரு பக்கத்தின் எண்ணையும் மெதுவாக வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் மிதிக்கிறார். "எண்பத்தி ஆறு. எண்பத்தி ஏழு." எனக்குச் சிரிப்பும் வருகிறது, என்னமோபோலவும் இருக்கிறது. பக்கம் மாற்றிப் பார்த்தவர் என்று பெயர் வாங்கியவர் அல்லவா. நேற்று ஒரு பக்கத்தில் உன் ஆமை வந்தது. "கால் அஞ்சு போட்டு வச்சிருக்கான் பாரு" என்று சிரித்தார். பதினோரு வருஷத்தில் அவர் பட்டறைக்குள் சிரித்து நான் பார்த்ததில்லை.

விளக்கை அணைக்கச் சொல்லியிருந்தாய். அணைக்கவில்லை. விளக்கைப் போட்டால்தான் பென்சில் நன்றாகத் தெரிகிறது. ஒரு வேடிக்கை கேள். பழைய புத்தகக் கடையில் வாங்கிய கையேடு ஒன்று இருக்கிறதே, அதன் முதல் பக்கத்தில் யாரோ பெயர் எழுதி ரப்பரால் அழித்திருக்கிறார்கள். வெறும் கண்ணுக்கு வெள்ளைத் தாள்தான். பக்கவாட்டு விளக்கைப் போட்டதும் பென்சில் அழுத்திய பள்ளம் முழுக்கத் தெரிந்துவிட்டது. பெயர், தேதி, கீழே ஒரு சின்னக் கிறுக்கல். அழித்தவர் அழித்துவிட்டதாகத்தான் நினைத்திருப்பார் பாவம். ஃபிட்டர்களைக் கூப்பிட்டுக் காட்டினேன். அத்தான் மட்டும் எழுந்து டீ போடப் போய்விட்டார்.

அடுத்த வாரம் பச்சைப் புத்தகம். அதோடு முக்கால்வாசி முடிந்தாற்போல.

மார்ச்சில் ஒரு நடை வந்துவிட்டுப் போயேன். பட்டறையை இடிப்பதற்குள் ஒரு தடவை பார். நான் அப்போது "அத்தான் மானம் போச்சுன்னு ஓடறியா" என்று கத்தியதை இன்னும் மனதில் வைத்துக்கொண்டிருக்கிறாயா? கோபத்தில் சொன்னது.

அக்கா


பிப்ரவரி 17

அக்கா,

மூன்று நாளாக எழுதி எழுதிக் கிழிக்கிறேன். இதையாவது கிழிக்காமல் தபாலில் போட வேண்டும்.

பச்சைப் புத்தகத்தின் 214ஆம் பக்கத்தை அந்த விளக்கில் வைத்துப் பார். வலது ஓரத்தில், நடுவில், 71 என்று இருக்கும். கீழே என் ஆமை இருக்கும். நான்தான் எழுதினேன். நான்தான் அழித்தேன்.

அத்தான் பக்கம் மாற்றிப் பார்க்கவில்லை. நான்தான் பக்கம் மாற்றி எழுதினேன்.

அந்தப் புத்தகத்தை விரித்தால் இடது பக்கம் 214 சரக்கு லிஃப்ட், வலது பக்கம் 215 ஆள் லிஃப்ட். இரண்டுக்கும் ஒரே படம், ஒரே அட்டவணை. பிரேக் ஸ்பிரிங் எவ்வளவு நீளத்துக்கு இறுக்கி வைக்க வேண்டும் என்ற அளவு மட்டும் வேறு. சரக்கு லிஃப்ட்டுக்கு அறுபத்திரண்டு மில்லிமீட்டர். சின்ன ஆள் லிஃப்ட் ஒன்றை நான் சரிபார்த்தபோது எழுபத்தொன்று வந்தது. அதை 215இல் எழுத வேண்டும். பேச்சு சுவாரசியத்தில் 214இல் எழுதி, ஆமையைப் போட்டு, புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அடுத்த வாரம் அத்தான் கிடங்குக்குப் போனார். அச்சில் அறுபத்திரண்டு, ஓரத்தில் பென்சிலில் எழுபத்தொன்று. உன் சட்டப்படி பென்சிலை நம்பினார். ஸ்பிரிங் அவ்வளவு தளர்ந்திருந்தால் மூட்டை ஏற்றிய லிஃப்ட்டை பிரேக் எப்படிப் பிடிக்கும்?

செய்தி வந்ததும் நீங்கள் எல்லாரும் ஆஸ்பத்திரிக்கு ஓடினீர்கள். என்னைப் பட்டறையைப் பூட்டச் சொன்னாய். பூட்டுவதற்கு முன்னால் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். என் ஆமை தப்பான பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. அழித்துவிடலாம் என்றுதான் தோன்றியது. பட்டறையில் ரப்பர் கிடையாதே. கடைக்குப் போய் வாங்கி வந்தேன். "எந்த கிளாஸ் படிக்குது குழந்தை?" என்று கடைக்காரர் கேட்டார். மூன்றாவது என்று சொன்னேன். யோசிக்காமல் அவ்வளவு சுலபமாகப் பொய் வந்தது. திரும்பி வந்து அழித்தேன். அதோடு விட்டிருந்தால்கூட அத்தானுக்கு ஏதோ ஒரு வழி இருந்திருக்கும். 215இல் எழுபத்தொன்று என்று புதிதாக எழுதி ஆமையையும் போட்டேன்.

விசாரணையில் அத்தான், "எழுபத்தொண்ணு 214லதான் இருந்துச்சு" என்றார். நீ புத்தகத்தைக் கொண்டுபோய் விரித்துக் காட்டினாய். 214இல் ஒன்றுமில்லை, 215இல் இருந்தது. அதிகாரி பார்த்தார், பக்கம் மாற்றிப் பார்த்துவிட்டார் என்று எழுதிக்கொண்டார். நான் உன் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தேன். அத்தான் என்னைப் பார்க்கவே இல்லை. அவர் என்னைப் பார்த்திருந்தால் சொல்லியிருப்பேன் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய்தான். சொல்லியிருக்க மாட்டேன்.

அவர் மானம் போனதால் நான் ஓடவில்லை அக்கா. அவர் போட்ட டீயைக் குடிக்க முடியாமல்தான் ஓடினேன். பஸ் ஏற்றிவிட அவர்தான் வந்தார். என் பெட்டியை அவர்தான் தூக்கினார். "சாப்பாட்ட மட்டும் விட்டுடாத" என்றார்.

நீ ஸ்கேனர் கேட்டு எழுதியதும் பயந்துபோனேன். வெட்டச் சொன்னேன், வெட்டினால் அந்த இரண்டு பக்கமும் வெவ்வேறு தாளாகிவிடும். கறுப்பு வெள்ளையில் எடுக்கச் சொன்னேன், பள்ளம் தெரியாது. காகிதத்தை எடைக்குப் போடச் சொன்னேன். விளக்கை அணைக்கச் சொன்னேன். ஒரு தடவை அழித்தது போதாதென்று உன் கையாலேயே இன்னொரு தடவை அழிக்கப் பார்த்தேன்.

எந்த வாடிக்கையாளர் வந்தாலும் முதல் நாளே நான் சொல்வது இதுதான், உன்னிடம் மட்டும்தான் சொல்லவில்லை: கடைசிப் பிரதியை வெட்டாதீர்கள். மேலேயிருந்து எடுக்கும் வகையை வாங்குங்கள். வண்ணத்தில், அங்குலத்துக்கு நானூறு புள்ளியில் எடுங்கள். மடித்த படங்களை இரண்டு துண்டாக எடுத்து ஒட்டிக்கொள்ளுங்கள். பக்கவாட்டு விளக்கைப் போடுங்கள். எடுத்து முடித்தாலும் காகிதத்தை எறியாதீர்கள். நில அளவையர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

என்ன செய்ய வேண்டுமோ சொல்.

தம்பி


மார்ச் 9

தம்பி,

உன் கடிதம் வந்து பதினேழு நாளாகிறது. முதல் வாரம் முழுக்க உன்னைத் திட்டி மனதுக்குள் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். இரண்டாவது வாரம் அதில் பாதி எனக்கே பொருந்துகிறது என்று புரிந்தது. அதனால் இப்போதுதான் எழுதுகிறேன்.

கடிதம் வருவதற்கு இரண்டு நாள் முன்பே அத்தான் பச்சைப் புத்தகத்தை எடுத்து முடித்துவிட்டார். நான் கம்ப்யூட்டரில் சரிபார்த்தேன். எல்லாப் பக்கமும் பளிச்சென்று இருந்தது. 214 மட்டும் மங்கல். விளக்கு எரியாமல் எடுத்தது என்று பார்த்தாலே தெரிந்தது. "இந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் என்ன கேடு? கண்ணாடிய ஒழுங்காப் போட்டுட்டு மறுபடி எடுங்க" என்று எரிந்து விழுந்தேன். "எழுத்து தெரியுதுல்ல, விடு" என்றார். நானும் வேலை அவசரத்தில் விட்டுவிட்டேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நேராகப் பின் அறைக்குப் போனேன். மத்தியானம், அத்தான் வெளியே கயிற்றுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். புத்தகத்தை விரித்து இடது விளக்கைப் போட்டேன். எழுபத்தொன்று இருந்தது. கீழே ஆமை. அதற்கு ஐந்து கால், உனக்கு எப்போதும் ஒரு கால் கூடத்தான் வரும். நான் எத்தனை நேரம் நின்றேன் என்று தெரியாது. திரும்பினால் அத்தான் வாசலில் நிற்கிறார்.

"உங்களுக்குத் தெரியுமா?" என்றேன்.

"ம்."

"எப்போலேர்ந்து?"

"விசாரணை முடிஞ்சு புத்தகத்த திருப்பிக் குடுத்தாங்கல்ல, அன்னைக்கே. விரலால தடவினாலே தெரியுது."

நீ ஊரை விட்டுப் போவதற்கு முதல் நாள் அது. அடுத்த நாள் காலையில்தான் உன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார். தெரிந்துதான் தூக்கினார்.

"ஏன் சொல்லல? அவன் என் தம்பின்னா?"

"அவனுக்கு இருபத்திமூணு வயசு. பயந்துட்டான்."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

அவர் கையிலிருந்த எண்ணெய்த் துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். அப்புறம் சொன்னார், குரலில் கோபமே இல்லை, அதுதான் என்னைக் கொல்கிறது. "சொன்னேனே. 214லதான் பாத்தேன்னு சொன்னேன். நீ கண்ணாடி வாங்கிக் குடுத்த."

தம்பி, அந்தக் கண்ணாடியை நான்தான் வாங்கினேன். கண் டாக்டர், "பவரே இல்லம்மா, தேவைப்படாது" என்றார். நான்தான் பிடிவாதமாக, ஏதாவது ஒரு நம்பர் போட்டுக் கொடுங்கள் என்று வாங்கி வந்தேன். கல்யாணமான நாளிலிருந்து அந்த மனுஷன் என்னிடம் ஒரு பொய் சொன்னதில்லை. அவர் வார்த்தையும் ஒரு வெள்ளைத் தாளும் எதிரெதிரே நின்றபோது நான் தாளை நம்பினேன். புத்தகத்தை என் கையால் கொண்டுபோய் விரித்துக் காட்டினேன். பதினோரு வருஷம், தினமும் காலையில் அவர் அந்தக் கண்ணாடியை மாட்டிக்கொண்டிருக்கிறார், நான் வாங்கிக் கொடுத்தேன் என்பதற்காக. எல்லாரையும் பார்த்துக்கொண்டே இருப்பவள் என்று நீங்கள் எனக்குக் கண்ணைக் குறியாகக் கொடுத்தீர்கள். வெட்கமாக இருக்கிறது.

நீ அழித்ததை நான் மன்னிப்பேனா என்று உன் கடிதத்தில் கேட்கவில்லை. நல்லது, கேட்காதே. நான் செய்ததற்கே யாரிடம் எப்படிக் கேட்பது என்று தெரியாமல் இருக்கிறேன். அவரிடம் கேட்டேன். "டீ ஆறுது, குடி" என்றார்.

இனி செய்ய வேண்டியது. லைசென்ஸ் அலுவலகத்துக்குப் போனேன். அத்தான் வேண்டாம் என்றார், அவர் பேச்சைக் கேட்காததற்கு இந்தத் தடவை நான் வருத்தப்படவில்லை. எழுதியவர் நேரில் வந்து வாக்குமூலம் கொடுத்தால் பழைய கோப்பைத் திறப்பார்களாம். உனக்கு என்ன தண்டனை என்று கேட்டேன். விசாரித்துத்தான் சொல்ல முடியும் என்றார்கள். உன்னிடம் மறைக்கவில்லை, அது என்னவாக இருந்தாலும் நீ வர வேண்டும். அப்புறம் அந்தச் சுமை தூக்குபவர். இன்னும் காலைச் சாய்த்துத்தான் நடக்கிறார். அத்தான் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவர் வீட்டுக்குப் போய்ச் செஸ் ஆடிவிட்டு வருகிறார். மனசு கேட்காமல் தன் தப்புக்குப் போகிறார் என்று நினைத்திருந்தேன். உன் தப்புக்கும் சேர்த்துப் போயிருக்கிறார். அவரிடம் நீதான் சொல்ல வேண்டும், நான் சொல்ல மாட்டேன்.

ஸ்கேனரை வாங்கிவிட்டோம், அதே வகை. நில அளவையர் தன்னுடையதைக் கேட்டுவிட்டார். வெட்டிய அந்த ஒரு கையேட்டையும் அத்தான் நூல் போட்டுத் தைத்துவிட்டார். காகிதம் எதையும் எறியப்போவதில்லை. புது இடத்தில் இடமில்லாவிட்டால் நம் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் இருக்கட்டும்.

எல்லாப் புத்தகமும் முடிந்துவிட்டது. ஒரு பக்கம்தான் பாக்கி. 214ஐத் திரும்ப எடுக்காமல் வைத்திருக்கிறேன். விளக்கைப் போட்டால் தெரியும் பள்ளத்தை மட்டும் எடுத்து வைத்தால் அலுவலகத்துக்குப் போதும் என்கிறார்கள். எனக்குப் போதாது. பட்டறைச் சட்டம் உனக்கும் தெரியும். மார்ச் இருபதுக்குள் வா, அதற்கு மேல் மேஜையையும் தூக்கிவிடுவார்கள். வந்து அதே இடத்தில் எழுபத்தொன்று என்று எழுது. குறுக்கே கோடு போடு. பக்கத்தில் அறுபத்திரண்டு என்று எழுதி உன் ஆமையைப் போடு. அதற்குப் பிறகு அத்தான் எண்ணைச் சொல்லிவிட்டுப் பொத்தானை மிதிப்பார்.

உன் கடிதம் வந்த அன்றைக்குச் சாயங்காலமே அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜை டிராயரில் வைத்துவிட்டார். நான் வைக்கச் சொல்லவில்லை. அதன் பக்கத்தில்தான் பென்சிலும் இருக்கிறது.

அக்கா